போறணையில் வெந்த டெப்பட் கவர்

கொட்டாஞ்சேனை,
யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகை முடிந்து வந்த திங்கட்கிழமை தொடங்கியது.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் யோகராஜ் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் புருஷன் அழகர் கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சி நிரோஷாவும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கு நான் நலம் என்று அடுத்ததாக எழுத வேண்டுமாம், கடிதம் என்றால் அதுதான் முறையாம். எழுதிவிட்டேன். முறைக்காகத்தான் எழுதினேன்.

மச்சான், எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதலாவது கடிதம் இது. போன தைப்பூசம் வரைக்கும் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை நீட்டியவன் நான். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் முப்பத்தெட்டு வருடம் லொறி ஓட்டியபோதும் ஊர்ப் பெயர்களைப் பலகையின் நிறத்தையும் அது நிற்கும் சந்தியையும் வைத்துத்தான் அடையாளம் கண்டேன். வேலையை விட்டு வீட்டில் குந்தியிருந்தபோது, உங்கள் அக்கா அங்கம்மா அடுப்படி டின்களில் எல்லாம் காகிதம் ஒட்டி, சீனி, உப்பு, மல்லி, மிளகு என்று எழுதி, ஒரு டின்னை வாசித்தால்தான் ஒரு தேத்தண்ணி என்று சட்டம் போட்டு என்னை வாசிக்க வைத்தாள். மிளகாய்த்தூள் டின்னைத் தாண்ட எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பிறகு எழுதவும் வைத்தாள். இப்போது வெற்றுக் காகிதத்தைப் பார்த்தால் புதுத் தார் போட்ட வெறும் ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஓட்டிப் பார்க்க ஆசை வருகிறது. அப்படி எனக்குக் கற்றுத்தந்தவள் நாலு நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன் எடுத்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து பார்த்துக்கொண்டே இருக்கும். நேரில் வரலாம் என்றால், ஓட்டோவில் ஏறும்போது அவள் சொன்னது இது: "வெள்ளவத்தைப் பக்கம் கால வச்சீங்கன்னா, தம்பிய வேன ஒங்க மேல ஏத்தச் சொல்லுவேன்." உங்கள் ஸ்கூல் வேனின் பிரேக் நல்ல பிரேக் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வரவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் ஒன்று என்றால் முறையிட வேண்டிய இடம் மச்சான்தான். அவள் தன் பக்கத்தை உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. நான் சொல்லப்போவது மீதி.

பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட்டை உங்களுக்குத் தெரியும். புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். எதைச் சொன்னாலும் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பவர். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. ஜனவரி கடைசியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் காலிமுகத்திடலுக்கு வந்து, பொனட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார்களாம். சனம் வந்து குனிந்து பார்க்குமாம். கார் ஓட வேண்டும் என்றுகூட இல்லையாம். அதற்காக அவர் நவம்பர் கடைசியில் ஒரு சாமானைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். டெப்பட் கவர். நீங்கள் வேன்காரர், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிரோஷாவும் வாசிப்பாள் என்பதால் எழுதுகிறேன். இஞ்சினின் உச்சந்தலையில் நீளத் தொப்பி மாதிரி மூடியிருக்கும் அலுமினிய மூடி அது. உள்ளே தெறிக்கும் ஒயில் வெளியே வராமல் பிடிப்பதுதான் அதன் வேலை. முப்பத்தெட்டு வருடத்தில் நான் ஒரு டெப்பட் கவரையும் அழகு பார்த்ததில்லை.

"அழகர் அண்ணை, பழைய பெயின்ற உரிச்சுப்போட்டு, மெல்லமாத் தேச்சு, இந்த டின்ல இருக்கிறத அடிச்சாச் சரி. மூண்டு நாள் வேலை," என்றார் ஒஸ்வால்ட்.

"மூணு நாளா? ரெண்டு நாள் போதும்," என்றேன் நான்.

ஐந்து சொற்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த ஐந்து சொற்களுக்காகத்தான் இன்று நான் கடைச் சோறு தின்கிறேன்.

முதலில் ஒயில் அழுக்கைப் போக்க வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. குசினித் தண்ணீர் போகும் குழாய் அடைத்தால் அங்கம்மா போடும் கோஸ்டிக் சோடா ஒரு போத்தல் இருந்தது. குழாய்க்குள் இருக்கும் கொழுப்பையே கரைக்கிறது, இந்த ஒயில் எம்மாத்திரம் என்று நினைத்து, அவள் நெல் அவிக்கிற அளவில் வைத்திருக்கும் பெரிய அலுமினியச் சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டி, கவரை அதற்குள் இறக்கினேன். மச்சான், அது உயிருள்ள சாமான் மாதிரி பொங்கியது. கவரும் அலுமினியம், சட்டியும் அலுமினியம். சோடாவுக்கு எது ஒயில், எது சட்டி என்று தெரியவில்லை. நுரை அடங்கிய பிறகு பார்த்தால் இரண்டும் மழைக்கால வானம் மாதிரி கறுத்துப் போயிருந்தன. அங்கம்மா வந்து சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"இது எங்கம்மா குடுத்த சட்டி," என்றாள்.

"கவருக்கு ஒண்ணும் ஆகல," என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை. நேற்று இந்த இடத்தில் விரல் மரத்துப்போய் நிறுத்தினேன். பேனை பிடிக்கும் விரலும் சேண்ட்பேப்பர் பிடிக்கும் விரலும் ஒன்றாக இருப்பதால் வந்த தொல்லை.

கறுத்த கவரை வெளுக்க வைக்கத் தேய்க்கத் தொடங்கினேன். ஒஸ்வால்ட் மெல்லமாகத் தேய்க்கத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கவரைக் கையால் தடவிப் பார்த்தால், மணலில் வார்த்து எடுத்ததால் மேலெல்லாம் சொரசொரப்பு. அங்கங்கே ஒரு முடிச்சு, ஒரு வடு. வீட்டில் சும்மா இருக்கிற மனுஷன் கையில் ஒரு முடிச்சு அகப்பட்டால் விடுவானா? எண்பதாம் நம்பர்ப் பேப்பரில் தொடங்கினேன். அது வடுவை எடுத்துவிட்டுத் தன் கோட்டை வைத்துவிட்டுப் போனது. அந்தக் கோட்டை எடுக்க நூற்றிருபது, அதன் கோட்டை எடுக்க இருநூற்று நாற்பது, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வோட்டர் பேப்பர் நானூறு, எண்ணூறு. ஒவ்வொரு பேப்பரும் முந்திய பேப்பரின் பாவத்தைக் கழுவித் தன் பாவத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. இதில் எங்கே நிற்பது என்று எந்த டின்னிலும் எழுதவில்லை. மூன்று நாள் வேலை மூன்று கிழமை ஆனது. வோட்டர் பேப்பருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் குளியலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு. அங்கம்மா வெளியே துவாயோடு நின்று கதவைத் தட்டி அலுத்து, ஒரு நாள் ஒஸ்வால்ட் வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தாள். வலத் தோள் செத்துவிட்டது. முழங்கால் மடக்கினால் நிமிர்வதில்லை, நிமிர்ந்தால் மடங்குவதில்லை. இருந்தும் தேய்த்தேன்.

தண்ணீர் விடாமல் தேய்த்த நாட்களில் எழுந்த தூள் வேறு. அது சாம்பல் நிறத்தில், மா மாதிரி மெல்லியது. கொடியில் காய்ந்த சேலையில், உறைய வைத்த தயிரில், காய வைத்த மிளகாயில், எல்லாவற்றிலும் படிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குப் பூ வைக்கப் போன அங்கம்மா, முருகன் மேலெல்லாம் மினுமினுவென்று இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வெள்ளிக் கவசம் சாத்துறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றாள். "ஐயரக் கூப்புட்டிருப்பேன்."

"தொடச்சு விடுறேன்."

"விடுங்க. நாப்பத்தாறு வருசத்துல எங் கன்னத்த ஒரு நா இப்புடித் தடவியிருப்பீங்களா? அது என்னா சாமான், ஒங்களுக்குக் கட்டி வச்ச ரெண்டாந்தாரமா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது கையில் எண்ணூறாம் நம்பர் இருந்தது. கவரில் என் மீசை தெரியத் தொடங்கியிருந்தது, மச்சான். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

புதன் எழுதவில்லை, தோள் வலி. இன்று வியாழன்.

பிறகு பெயின்ட். ஒஸ்வால்ட் தந்தது அமுக்கினால் சீறுகிற டின். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகன் கொண்டுவந்தது. சுற்றிவர இங்கிலீஷ். ஒரே ஒரு மூலையில் இங்கே ஒட்டிய காகிதத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது. அதை ஒரு தடவையில் வாசித்தேன்: நெருப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். டின்னில் வாசித்தது சரியாக இருந்த சந்தோஷத்தில் ஒஸ்வால்ட்டுக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். அவர், "அது டின்னுக்கு, அண்ணை. அடிச்ச பிறகு கவரை நல்லாச் சூடாக்க வேணும். சூடு பட்டாத்தான் பெயின்ற் பிடிக்கும்," என்றார். எவ்வளவு சூடு என்றேன். கேக் வேகிற சூடு என்றார்.

கேக் என்றதும் எனக்குப் பௌஸியின் பேக்கரி நினைவு வந்தது. அதில் என் குற்றம் பாதி, நத்தாரின் குற்றம் பாதி. எங்கள் ஒழுங்கையில் ஓவன் இல்லாத வீட்டுக்காரர்கள் எல்லாரும் நத்தார் காலத்தில் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பௌஸியின் போறணைக்குத்தான் கொண்டுபோவார்கள். பாண் சுட்டு இறக்கிய பிறகு மிஞ்சுகிற சூட்டில் அவர் அவற்றை வேக வைத்துக் கொடுப்பார். மதியத்துக்குப் பிறகு பார்த்தால் கேக் தட்டோடு ஒரு வரிசை நிற்கும். நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமை நானும் பெயின்ட் அடித்த கவரை ஒரு தட்டில் வைத்து, துணியால் மூடி, வரிசையில் நின்றேன்.

பௌஸி ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "அழகரண்ணே, நீங்களுமா? வீட்டுல கேக்கா?" என்றார்.

"ம்," என்றேன். கேக் வேகிற சூடு தேவையான சாமான் என்ற கருத்தில் சொன்னேன். ஒஸ்வால்ட்டோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது.

"நீளத் தட்டா இரிக்கி. அந்த மூலைல வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு ஒழுங்கையில் தேத்தண்ணிப் பாணுக்கு நேரத்தோடு ஆர்டர் வந்திருந்ததால், பௌஸி அதே போறணையில் கேக்குகளுக்குப் பக்கத்தில் பின்னேரத்துப் பாணையும் தள்ளியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலம் கழித்துப் போனபோது ஒழுங்கை முனையிலேயே மணம் வந்தது. கராஜ் மணம். பௌஸி என் தட்டை நீளச் சட்டுவத்தால் வெளியே இழுத்து, துணி கருகிப் போனதைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்ததைப் பார்த்தார்.

"அல்லாவே! என்னத்தண்ணே வெச்சீங்க? ஆனத் தோலா?"

நானும் பார்த்தேன். மச்சான், மூன்று கிழமை நான் தேய்த்து என் மீசையைப் பார்த்த அந்த வழவழப்பு முழுவதும் போய், கறுப்புப் பெயின்ட் முழுக்கச் சுருங்கி, வரி வரியாக, முந்திரிகை வற்றல் மாதிரி கிடந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போறணைப் புகை என்று பௌஸி நினைத்திருப்பார்.

"அழுறது நான் அழணும்," என்றார் அவர். "எண்ட பாண் முழுக்க லொறி மணக்குது."

அதற்குள் முதல் தட்டுப் பாண் விற்றுவிட்டது. யார் வாங்கியது என்று கேட்கிறீர்களா? அங்கம்மா. கோயில் பஜனைக்கு முன்னால் நாலு பெண்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். பௌஸியின் சூட்டுப் பாணுக்கு ஈடு கொழும்பிலேயே இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வெட்டி வைத்திருக்கிறாள். மேனகா டீச்சர் ஒரு துண்டைக் கடித்து, மென்று, மரியாதைக்காக விழுங்கி, "அங்கம்மாக்கா, பாணுல என்ன, புது வீட்டுக்குக் குடிபோன மாதிரி ஒரு வாசம்?" என்று கேட்கவும், நான் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. கவரிலிருந்து அதே வாசம். நாலு பெண்களும் கவரைப் பார்த்தார்கள், பாணைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. பாண் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், அவர்கள் பஜனைக்கு எழுந்து போகும் வரைக்கும் வெளியே வரவில்லை.

பௌஸி நல்ல மனுஷன். மறுநாள் பேக்கரி வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை மாட்டினார். தமிழில் இப்படி இருந்தது: கேக் மட்டும். ஒரு எழுத்தும் தட்டாமல் வாசித்தேன். எனக்காகவே எழுதப்பட்ட முதலாவது பலகை அது.

வெள்ளிக்கிழமை. இனி எழுதப்போவது கஷ்டமான பகுதி. காலையில் இரண்டு தடவை பேனையை எடுத்து வைத்துவிட்டேன்.

பெயின்ட் பாழாய்ப் போய்விட்டது என்று நினைத்து, ஒஸ்வால்ட்டுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு, அவருக்குச் சொல்லாமல் திரும்பவும் எண்பதாம் நம்பரில் தொடங்கினேன். நாலு நாள். ஒவ்வொரு சுருக்கமாகத் தேய்த்து எடுத்து மறுபடி வழவழப்பாக்கினேன். கடைசிச் சுருக்கத்தை எடுத்து முடித்த அன்று ஒஸ்வால்ட் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சுருக்கம் வந்துதோ?"

"என்ன சுருக்கம்?"

"அந்தப் பெயின்ற் சுருங்கத்தானே வேணும். அதுதான் அதின்ர ஸ்டைல். ரேஸ் கார் எல்லாத்திலயும் அப்பிடித்தான். அதுக்குத்தான் சூடு காட்டச் சொன்னனான்."

"சுருங்கும்னு நீங்க சொல்லவே இல்லியே!"

"சொன்னனான் எண்டுதான் நினைக்கிறன். சொல்லேல்லை எண்டு எழுத்தில ஏதும் இருக்கோ?"

சுருங்கிப் போகிற பெயின்டுக்கு அடியில் வழவழப்பு எதற்கு மச்சான்? மூன்று கிழமையும் நாலு நாளும் நான் தேய்த்தது யாருக்கும் தெரியாமல் அடியில் கிடக்கப் போகிறது. அன்றைக்கு எனக்கு வந்த அலுப்பு லொறியில் கூட வந்ததில்லை. இன்றைக்கே அடித்து, இன்றைக்கே சூடாக்கி, இந்தச் சாமானை வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே வெறி. பௌஸியிடம் போக முடியாது, பலகை இருக்கிறது. அப்போதுதான் என் கண், தீபாவளிக்கு நீங்கள் உங்கள் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த கரண்ட் ஓவனில் விழுந்தது.

மச்சான், அந்த ஓவனை அவள் எப்படி வைத்திருந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. குங்குமப் பொட்டு வைத்து, மேலே பூவேலைத் துணி விரித்து, சுவர்த் தட்டில் தூக்கி வைத்திருந்தாள். தைப்பொங்கல் அன்று பால் பொங்கிய பிறகு நல்ல நேரம் பார்த்து, தம்பி பெயரைச் சொல்லி, முதன்முதலாக ஒரு இனிப்பு வேக வைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். அதில் ஒரு பிஸ்கட்டைக்கூட யாரும் சூடாக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்தும், அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கவருக்குப் பெயின்ட் அடித்து அதற்குள் வைத்தேன். முழுதாக உள்ளே போகவில்லை. ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கதவும் மூடவில்லை; ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி மறுபக்கத்தை உள்ளே தள்ளினேன். பொலித்தீன் உறையைக் கழற்றினால் அவள் மனம் நோகும் என்று அதை மட்டும் கழற்றவில்லை. அவள் சொல்லுக்கு மரியாதை கொடுத்து உறையோடேயே ஓவனைப் போட்டேன். அது உருகி, முதுகுப் பக்கம் முழுக்கத் தயிர் வடிந்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

கவர் மட்டும் அருமையாக வந்தது. ஒரே அளவாகச் சுருங்கி, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அழகு பார்த்து நின்றபோது அங்கம்மா விபூதித் தட்டோடு உள்ளே வந்தாள்.

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. பிளக்கை இழுத்தாள். உருகிய பொலித்தீனை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எந்தம்பி வாங்கிக் குடுத்தது," என்றாள் மெதுவாக. "மொதமொதல்ல ஒரு இனிப்பு வைக்கணும்னு இருந்தேன். ஒங்களுக்கு அது தெரியும்ல?"

"தெரியும்," என்றேன்.

ஓவனைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தாள். மீதி உங்களுக்குத் தெரியும். ஓவன் உங்கள் மேசையில்தான் இருக்கும்.

ஞாயிறு. இங்கே நிலைமை இதுதான். கடைச் சோறு ஐந்து நாளில் வயிற்றோடு சண்டை பிடித்தது. பிறகு நானே சமைத்தேன்; அது என்னோடு சண்டை பிடித்தது. நானே அடுப்பு மூட்டிய முதல் நாள் காலையில் தேத்தண்ணிக்குச் சீனி என்று எழுதிய டின்னிலிருந்து இரண்டு கரண்டி போட்டேன். உப்பு. உப்பு என்று எழுதிய டின்னைத் திறந்தால் அதற்குள் சீனி. போகும் முன் மாற்றிக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முந்தி என்றால் மணந்து பார்த்து, நக்கிப் பார்த்துப் போட்டிருப்பேன். இப்போது வாசிக்கத் தெரிந்ததால் ஏமாந்தேன். கோபம் வரவில்லை, மச்சான். அந்த அவசரத்திலும் நான் வாசித்துத்தான் போடுவேன் என்று நம்பியிருக்கிறாளே என்று நினைத்தேன். அந்த உப்புத் தேத்தண்ணியை முழுவதும் குடித்தேன்.

கவரை ஒஸ்வால்ட்டிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காரில் பூட்டி, நத்தாருக்கு ஒரு கேக் துண்டும் அனுப்பினார். தின்ன மனம் வரவில்லை. மனம் வராவிட்டாலும் தின்றேன். வீட்டைக் கழுவிவிட்டேன், முருகனைத் துடைத்துவிட்டேன். சட்டிக்குப் பதிலாக இன்னொரு சட்டி பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் அது அவள் அம்மா கொடுத்த சட்டி ஆகாது. ஓவனுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் கையால் கொடுத்தது. அதனால் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். முதன்முதலாக அதில் வெந்தது ஒரு டெப்பட் கவர் என்பதை என்னாலும் மாற்ற முடியாது. களைத்துப் போனேன். இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் பொங்கலன்று நான் மட்டும் அடுப்பு மூட்டி, நான் மட்டும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினால், பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவருவார்கள்.

ஆகவே, கதிர்காமக் கந்தன் மேல் ஆணையாக எழுதித் தருகிறேன்: என் உயிர் உள்ளவரை இனி ஒரு சேண்ட்பேப்பரையும் தொடமாட்டேன், ஒரு டெப்பட் கவரும் என் வாசற்படி ஏறாது. ஒஸ்வால்ட் கேட்டாலும் சரி, வேறு எவர் கேட்டாலும் சரி. இதை நீங்கள் அங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டி, நல்ல வார்த்தை சொல்லி, பொங்கலுக்கு முன்னால் அனுப்பி வைக்க வேண்டும்.

நிரோஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். வேன் பழுதில்லாமல் ஓடட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தாமல் போகட்டும், உங்கள் வீட்டு அடுப்பில் எந்த நாளும் பால் பொங்கட்டும்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளையாக நாற்பத்தாறு வருடம் இருக்கும்,
அழகர்
(கையெழுத்து. பெருவிரல் அல்ல.)

பி.கு.: செவ்வாய்க்கிழமை. மச்சான், இதை உறையில் போட்டு ஒட்டி, தபால் கந்தோருக்குப் போகச் சட்டையும் மாட்டிய நேரத்தில் வாசலில் ஒஸ்வால்ட்டின் காரின் ஹோர்ன் அடித்தது. முன் சீட்டில் உங்கள் அக்கா. பின் சீட்டில் ஓவன். அவள் மடியில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு நீளச் சாமான். உறையை மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன்.

காலையில் ஒஸ்வால்ட் எனக்குச் சொல்லாமலே உங்கள் வீட்டுக்கு வந்து, நடந்ததற்குத் தானும் ஒரு காரணம் என்று சாட்சி சொல்லி, பொனட்டைத் திறந்து காட்டினாராமே. உங்கள் ஒழுங்கையில் நின்ற நாலு பேர் பார்த்து, இது எந்தக் கராஜில் செய்தது என்று கேட்டார்களாமே. அப்போது அங்கம்மா, "எங்க வீட்டுக்காரரு செஞ்சது," என்று சொன்னாளாமே. என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை, ஒஸ்வால்ட்தான் சொன்னார். எழுத்தில் இல்லாவிட்டாலும் நம்புகிறேன்.

வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே மடியில் இருந்ததை என் கையில் வைத்தாள். "இந்தாங்க. தம்பி வேனோடது. பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முந்தி முடிச்சுக் குடுக்கணும்."

"நான் இனித் தொடமாட்டேன்னு கந்தன் மேல சத்தியம் பண்ணி எழுதிட்டேனே!"

"எங்க எழுதினீங்க?"

"கடிதத்துல."

"போஸ்ட் பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கந்தனுக்கு இன்னும் கெடைக்கல. ஒக்காருங்க."

ஓவனைக் குசினிக்குள் விடவில்லை. வீட்டுக் கோடியில், தகரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தாள். "கெட்டது கெட்டுப்போச்சு. இனி இது ஒங்க ஓவன், என்னாத்த வேணாலும் வேக வைங்க. பொங்கலுக்கு எனக்குப் புதுசு ஒண்ணு தம்பி வாங்கித் தருவான்," என்றாள். இந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இதன் மூலம் அறியத் தருகிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னாள். ஒன்பது நாள் எழுதியதைக் கிழிக்க என்னால் முடியாது, அதனால் அனுப்புகிறேன். மேலே அவளை அனுப்பச் சொன்ன இடங்களையும் சத்தியத்தையும் விட்டுவிட்டு மீதியை வாசியுங்கள்.

உங்கள் கவரில் ஒயில் ஒரு விரல் கனத்துக்கு இருக்கிறது. இந்தத் தடவை மண்ணெண்ணெய். வழவழப்பாக வேண்டுமா, சுருக்கமாக வேண்டுமா என்று உடனே அறியத் தாருங்கள். போனில் சொல்ல வேண்டாம், எழுதி அனுப்புங்கள். இந்த வீட்டு விலாசத்துக்கு என் பெயர் போட்டு இன்றுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.